மைலின் சுற்றும் காந்தப் படிமமும்: விலங்கு மூளை வளர்ச்சி ஆய்வைத் தமிழில் எழுதுதல் - ஆரணி நெசவுச் சொற்களையும் மணிமேகலையின் அளவை நெறியையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த விலங்குக் குட்டிகளின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மைலின் படியும் முறையைக் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தால் அறியும் ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றின் முடிவுகளைத் தமிழில் எழுதும்போது இரண்டு இடர்ப்பாடுகள் எழுகின்றன. ஒன்று, பொருளின் அமைப்பைச் சுட்டும் சொல் பிழையான உருவத்தைத் தருதல். மற்றொன்று, கருதி அறிந்ததை நேரிற் கண்டதாக உரைத்தல். முதல் இடர்ப்பாட்டை ஆரணிப் பட்டு நெசவின் தொழிற்சொற்களோடும், இரண்டாவதை மணிமேகலை 29ஆம் காதையின் அளவை நெறியோடும் பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மைலின், காந்த ஒத்ததிர்வுப் படிமம், கலைச்சொல்லாக்கம், ஆரணி, பாவு, படமரம், மணிமேகலை, ஏதுப்போலி

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949ஆம் ஆண்டு ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். ஆகவே மூளை மருத்துவம் இந்நெசவூருக்கு எட்டாத தொலைவில் இருந்ததில்லை. எட்டாமல் இருப்பது அம்மருத்துவத்தின் மொழி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளைப் படத்தைப் பார்த்து எழுதப்படும் அறிக்கையில் மைலின் வளர்ச்சி வயதுக்கு ஏற்ப உள்ளது என்றோ, பிந்தியுள்ளது என்றோ ஒரு வரி இருக்கும். அவ்வரி ஆங்கிலத்தில் இருக்கும். தறியில் அமர்ந்திருக்கும் பெற்றோர் அதனைத் தமிழில் கேட்டறிய விரும்பினால், சொல்பவர் எச்சொல்லைக் கையாள்வார்? அச்சொல் அவர்கள் மனத்தில் எவ்வகை உருவத்தை எழுப்பும்? படம் காட்டியது எது, மருத்துவர் கருதியது எது என்ற வேறுபாடு அச்சொல்லில் தங்குமா?

இவ்வினாக்களைக் கலைச்சொல் பட்டியல் மட்டும் கொண்டு தீர்க்க இயலாது. மருத்துவர் எழுதும் அவ்வொரு வரிக்குப் பின்னால் சுண்டெலி, எலி, பன்றி, செம்மறியாடு ஆகியவற்றின் மீது நிகழ்ந்த நெடிய ஆய்வு மரபு உள்ளது. அம்மரபு எதனை அளந்தது, எவ்வாறு அளந்தது என்பதை அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். எனவே இக்கட்டுரை அறிவியலை விளக்கும் பகுதியையும் சொல்லை ஆராயும் பகுதியையும் பிரிக்காது செல்கிறது.

சொல்லின் வரலாறு

நரம்பிழையைச் சூழ்ந்த கொழுப்புப் பொருளுக்கு 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ மைலின் எனப் பெயரிட்டார். எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். விர்ச்சோ நரம்பின் உள்ளீடு என எண்ணி வைத்த பெயர், உண்மையில் நரம்பின் வெளிச்சுற்றுக்கு நிலைத்துவிட்டது. பெயர் வைத்த இடத்திலேயே உருவம் பிறழ்ந்த வரலாறு இது. ஐரோப்பிய மொழிகள் அப்பிறழ்ச்சியை மறந்துவிட்டன. அச்சொல்லின் வேர்ப்பொருள் இன்று அங்கு எவர் காதிலும் ஒலிப்பதில்லை.

தமிழில் நிலைமை வேறு. இச்சொல்லை மயலின் என்றும் மையலின் என்றும் எழுதும் வழக்கம் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் உண்டு. மயல், மையல் ஆகிய இரண்டும் மயக்கத்தையும் காதல் மயக்கத்தையும் குறிக்கும் உயிருள்ள தமிழ்ச் சொற்கள். இன் என்பது ஐந்தாம் வேற்றுமை உருபாகவும் சாரியையாகவும் வருவது. ஆகவே மையலின் உறை என்ற தொடரைத் தமிழ் இலக்கணம் அறிந்த மாணவர் மையலுக்கு உரிய உறை என்று பிரித்துப் படிக்க முழு உரிமை உண்டு. இது நகைப்புக்காகக் கூறப்படுவதன்று. ஒலிபெயர்ப்புச் சொல் தமிழின் புணர்ச்சி விதிக்குள் நுழையும்போது தானே ஒரு பொருளைப் பெற்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மூல ஒலிப்புக்கும் நெருக்கமாய், வேறு பொருளுக்கும் இடந்தராத மைலின் என்ற வடிவமே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அவர் காலத்தில் மைலின் புதுச்சொல். அதன் அமைப்பு ஐரோப்பாவிலும் அறியப்படவில்லை. கோழிக்கருவின் நரம்புகளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு, ஷ்வான் உயிரணுவின் சவ்வே சுருளாக நரம்பிழையைச் சுற்றுகிறது என்று பெட்டி கெரன் காட்டியது 1954இல்தான். அதாவது, பெயர் பிறந்து சரியாக நூறாண்டுக்குப் பின். மூளைக்குள் இப்பணியைச் செய்யும் ஆலிகோடென்ட்ரோசைட் உயிரணுக்களை ஸ்பெயின் நாட்டறிஞர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா 1920களின் தொடக்கத்திலேயே தனி வகையாக இனங்கண்டு விளக்கியிருந்தார். ஒரு ஷ்வான் உயிரணு ஓர் இழையின் ஒரு துண்டை மட்டும் சுற்றும். ஓர் ஆலிகோடென்ட்ரோசைட் பல கைகளை நீட்டிப் பல இழைகளின் பல துண்டுகளைச் சுற்றும்.

சுற்றப்பட்ட இரு துண்டுகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளிக்கு ரன்வியர் கணு என்று தமிழில் பெயர் அமைந்துள்ளது. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணு, கணுவிடை என்னும் இணை இங்குப் பிசகின்றிப் பொருந்துகிறது. மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால், சுற்றில்லாத இழையில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும் வேகம், தடித்த சுற்றுடைய இழையில் நொடிக்கு நூறு மீட்டரைக் கடக்கிறது. நல்ல கலைச்சொல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குக் கணுவே அளவுகோல்.

ஜரிகை, செரிசின், படமரம்

உறை என்னும் சொல்லை இவ்வளவுகோலால் அளந்தால் குறை தெரியும். தலையணை உறை, வாளுறை, கடித உறை ஆகிய எல்லாம் முன்னரே செய்து முடிக்கப்பட்டுப் பின்னர் மாட்டப்படுபவை. கழற்றினால் உள்ளிருப்பது மாறாமல் வெளிவரும். மைலின் இவ்விரண்டுக்கும் உடன்படாது. அது இழையின் மீதே வளர்வது. நீங்கினால் உள்ளிழையும் காலப்போக்கில் நலிவுறும். பூச்சு என்ற சொல்லும் சிலரால் ஆளப்படுகிறது. பூச்சில் அடுக்கு இல்லை.

ஆரணித் தறியைச் சுற்றியுள்ள சொற்களுக்குள் சென்றால் மூன்று உருவங்கள் கிடைக்கின்றன. முதலாவது ஜரிகை. நடுவில் பட்டிழை. அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டுப் பொன்முலாம் பெறுகிறது. உள்ளே இழை, வெளியே சுற்று என்ற அளவில் நரம்பிழைக்கு இதைவிட அண்மையான உவமை கைத்தொழில்களில் இல்லை என்று முதலில் தோன்றும். ஆனால் ஜரிகையில் கம்பி இழையின் நீளவாட்டில் முன்னேறிச் செல்கிறது. மைலின் சவ்வு இருந்த இடத்திலேயே மடங்கி மடங்கிச் சுற்றுகிறது. ஜரிகையில் ஒரு சுற்றின் பக்கத்தில் அடுத்த சுற்று. மைலினில் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று.

இரண்டாவது செரிசின். பட்டுப்புழு வெளியிடும் இழையில் நடுவே ஃபைப்ராயின் என்னும் புரதமும் அதைப் பொதிந்து செரிசின் என்னும் பசைப்புரதமும் உண்டு. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசை. சாயமிடுவதற்கு முன் பட்டை வேகவைத்து இதனை நீக்குவர். நீக்கினால்தான் பட்டுக்கு மென்மையும் ஒளியும் வரும். மேலுறை நீங்குதல் நெசவில் நன்மை, நரம்பில் நோய். ஆகவே இவ்வுவமை எதிர்மறையாக மட்டுமே பயன்படும்.

மூன்றாவது, நெய்த துணியைச் சுற்றி வைக்கும் படமரம். நெய்ய நெய்யத் துணி அதே இடத்தில் மடிப்பின் மேல் மடிப்பாக ஏறுகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் மைலின் வெட்டுத் தோற்றத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இராது. ஆயினும் ஒரு நுட்பமான வேற்றுமை உண்டு. படமரத்தில் புதிய துணி எப்போதும் வெளிச்சுற்றாகவே சேரும். மைலினிலோ, 2014இல் சுண்டெலியிலும் வரிக்குதிரை மீனிலும் செய்யப்பட்ட ஆய்வு காட்டியவாறு, புதிய சுற்று உட்புறத்தில், இழையை ஒட்டிய நாக்குப் போன்ற நுனியில் வளர்கிறது. பழைய சுற்றுகள் வெளியே தள்ளப்படுகின்றன. படமரத்தை நினைவிற் கொண்டு, புதிய மடிப்பு மரத்துக்கும் பழைய துணிக்கும் இடையே புகுவதாக எண்ணிப் பார்த்தால் மைலின் வளர்ச்சி விளங்கும். எந்த நெசவாளரும் இதனைக் கேட்டு, அவ்வாறு நெய்ய முடியாது என்பார். அம்மறுப்பே அவர் அமைப்பைப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்று.

இதனால் பெறப்படுவது, பொருளுக்கு மைலின், அமைப்புக்கு மைலின் சுற்று, நிகழ்வுக்கு மைலினேற்றம் என்ற மூன்றும் தம்முள் பொருந்தும் என்பதே. பாவு ஏற்றுதல், சுற்று ஏற்றுதல் என நெசவில் வழங்கும் ஏற்றம் காலத்தையும் படிப்படியான சேர்க்கையையும் உணர்த்துகிறது. மைலினாக்கம் என்பது ஒரு பொருளை மைலினாக மாற்றுதல் என்ற பொருள் தரும். அது பொருந்தாது.

இடையே ஒரு குறிப்பு. ஆக்சான் என்பதை அச்சிழை என்று பெயர்ப்பது மூலச் சொல்லின் பொருளுக்கு ஒத்ததே. கிரேக்க மூலமும் வண்டியச்சையே குறிக்கும். ஆனால் நெசவூரில் அச்சு என்றால் பாவிழைகள் ஊடுருவிச் செல்லும் பல்வரிசைச் சட்டம். ஆரணியில் அச்சிழை என்றால் அச்சின் வழி செல்லும் இழை என்றே கொள்வர். இழைகள் இணையாக, முறை தவறாமல் ஓடும் உருவத்தைத் தருவதால் அப்பொருள்மாற்றம் கேடு செய்வதில்லை. எனினும் இக்கட்டுரையில் நரம்பிழை என்ற பொதுச்சொல்லே போதும். யாழின் நரம்பைக் குறித்த பழைய வழக்கும் அதில் உடன் ஒலிக்கிறது.

குட்டிகளின் காலக்கணக்கு

மைலினேற்றம் எப்போது தொடங்குகிறது என்பது இனந்தோறும் வேறுபடும். விலங்காய்வை மனிதக் குழந்தைக்குப் பொருத்துவோர் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

சுண்டெலியும் எலியும் பிறக்கும்போது முன்மூளையில் மைலின் இல்லாமலேயே பிறக்கின்றன. பிறந்த பத்தாம் நாளையொட்டித் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் உச்சமடைந்து, அதன்பின் மெல்ல நீள்கிறது. கினிப்பன்றியும் செம்மறியாடும் கருவிலேயே பெரும்பகுதியை முடித்துக்கொள்கின்றன. பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும் ஆட்டுக்குட்டிக்கு அது தேவை. பன்றியில் மூளை விரைந்து வளரும் காலம் பிறப்பின் முன்னும் பின்னுமாகப் பரவியிருக்கிறது. மனிதரிலும் அவ்வாறே. டாபிங், சாண்ட்ஸ் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட ஒப்பாய்வு இவ்வினங்களின் மூளை வளர்ச்சி வேகத்தைப் பிறப்பு என்ற ஒரு கோட்டை நடுவில் வைத்து வரிசைப்படுத்தியது. பன்றிக்குட்டியைக் குழந்தைக்கு ஒப்புமையாக இன்றைய படிம ஆய்வுகள் தேர்வதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளைத்தண்டிலும், உட்பொதிவின் பின்கூற்றிலும் மைலின் காணப்படும். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் பின்பகுதி நான்காம் மாதத்தையொட்டியும் முன்பகுதி ஆறாம் மாதத்தையொட்டியும் படத்தில் மாற்றம் பெறும். இரண்டு வயதளவில் படம் பெரியவர் மூளையை ஒத்துவிடும். நெற்றிப்பகுதியில் மைலினேற்றம் இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது.

தமிழில் எலி என்று மட்டும் எழுதினால் இரு வேறு இனங்கள் ஒன்றாகிவிடும். ஆய்வுக்கட்டுரையில் சுண்டெலி, எலி என்ற வேறுபாடு கட்டாயம் பேணப்படல் வேண்டும். நல்வாய்ப்பாக, நம் மொழியில் இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. நாள் எண்ணிக்கையும் அவ்வாறே. சுண்டெலியின் பத்தாம் நாளும் குழந்தையின் பத்தாம் நாளும் ஒன்றல்ல.

நீரின் வழியே அறிதல்

காந்த ஒத்ததிர்வுப் படிமம் மைலினை நேரே காண்பதில்லை. அது காண்பது நீரை. வலிய காந்தப்புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வானொலி அலையால் கிளர்த்தினால், அவை மீண்டும் தம் நிலைக்குத் திரும்பும் வரை ஒரு குறிப்பலையைத் தருகின்றன. இவ்வொத்ததிர்வு முறையை ஓடும் நீர்மங்களில் ஆராய்ந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூரியன் என்னும் அறிஞர் 1951இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அக்குறிப்பலையிலிருந்து படம் உண்டாக்கும் வழியைப் பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டோடு அவருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்த குழந்தையின் மூளையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர். வளர்ந்தவர் மூளையின் வெண்பொருளில் அது பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. உலர்ந்த மைலினின் எடையில் எழுபது விழுக்காடும் அதற்கு மேலும் கொழுப்பு. எஞ்சியது புரதம். கொழுப்பு ஏற நீர் குறைகிறது. அதனால் தளர்வுக் காலங்களாகிய டி-1, டி-2 இரண்டும் குறுகுகின்றன. பிறந்த குழந்தையின் படத்தில் வெண்பொருளும் சாம்பல்நிறப் பொருளும் பெரியவர் படத்துக்கு நேர்மாறான ஒளிச்செறிவுடன் தோன்றுவதும், மாதங்கள் செல்லச் செல்ல அவை இடம் மாறுவதும் இதனாலேயே.

இதனினும் நுட்பமான வழி ஒன்றை மெக்கே முதலானோர் 1994இல் மனித மூளையில் காட்டினர். மைலினின் சவ்வு அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் டி-2 மிகக் குறுகியது, 10 முதல் 40 மில்லிநொடி வரை. உயிரணுக்களுக்கு உள்ளும் புறமும் உள்ள நீருக்கு அது இன்னும் நீண்டது. குறிப்பலையைப் பகுத்துக் குறுகிய கூற்றின் பங்கைக் கணித்தால் மைலின்நீர்ப் பங்கு கிடைக்கும். சாயத்தில் தோய்த்து முறுக்கிப் பிழிந்த பட்டுச் சிட்டத்தின் இழைகளுக்கிடையே தங்கிய ஈரத்துக்கும் தொட்டியில் தளும்பும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை நினைவிற் கொள்க. இடுக்கில் அகப்பட்ட நீர் வேறு விதமாக நடந்துகொள்ளும். காந்தமாக்கப் பெயர்ச்சி என்னும் பிறிதொரு முறை, 1989இல் உல்ஃப், பாலபன் ஆகியோர் விளக்கியது, பெருமூலக்கூறுகளோடு நீர் ஆற்றலைப் பரிமாறும் அளவை அளக்கிறது. நீர் எத்திசையில் எளிதாகப் பரவுகிறது என்பதை அளக்கும் பரவல் படிமம் மூன்றாவது.

இங்கு அளவின் இடைவெளியைக் கருதுதல் வேண்டும். சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவு. மனித மூளை 1300 கிராமுக்கு மேல். அதனால் மருத்துவமனைகளில் உள்ள 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகளை விட்டு, 7 அல்லது 9.4 டெஸ்லா வலிமையுடைய சிறு துளைக் கருவிகளில் குட்டிகளைப் படமெடுக்கின்றனர். அங்கும் படத்தின் ஒரு கனக்கூறு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் பக்கமுடையது. நரம்பிழையின் விட்டமோ ஒரு மைக்ரோமீட்டர் அளவினது. ஒரு கனக்கூற்றுள் ஆயிரக்கணக்கான இழைகள் அடங்கும். ஒரு முழச் சேலையைத் தொலைவிலிருந்து நோக்கி, அதன் பாவில் எத்தனை இழைக்கு ஜரிகை என்று கூறுவதை ஒத்தது இது.

இம்முறையின் தனிச்சிறப்பு, விலங்கைக் கொல்லாது அதே குட்டியை மீண்டும் மீண்டும் நோக்க இயல்வது. திசுவாய்வில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகுதி குட்டிகள் மடிதல் வேண்டும். புழுவோடு கூட்டை வெந்நீரில் இடும் தொழிலைச் சார்ந்து வாழும் ஊருக்கு இக்கணக்கின் சுமை புதிதன்று. ஆயினும் மயக்க மருந்து வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதால், எத்தனை முறை படமெடுக்கலாம் என்பதும் ஓர் ஆய்வுச் சிக்கலே.

காட்சியும் கருத்தும்: மணிமேகலையின் துணை

மைலினைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பது காட்சி. நீரின் தளர்விலிருந்து மைலினை உணர்வது கருத்து. அறிவுக்குரிய அளவைகள் இவ்விரண்டே என்பது மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவை நெறி. புகையைக் கொண்டு நெருப்பை உணரும் வழக்கமான எடுத்துக்காட்டு அங்கும் உண்டு. அந்நெறி அத்தோடு நில்லாது, ஏது எப்போது போலியாகும் என்பதை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என வகுத்துக் காட்டுகிறது. தமிழில் அறிவியல் எழுதுவோர் இப்பகுதியைச் சமய வாதமாக மட்டும் படித்துக் கடந்துவிடுகின்றனர். அது ஓர் இழப்பு.

பரவல் படிமத்தை எடுத்துக்கொள்வோம். வெண்பொருளில் நீர் இழையின் நீளவாட்டில் எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் பரவும். இத்திசைச்சார்பு மைலினால் விளைவது என முதலில் எண்ணப்பட்டது. அளவை நெறியில் எழுதினால்: இவ்விடம் மைலினுடையது (பக்கம்), திசைச்சார்பு இருத்தலின் (ஏது), வளர்ந்த எலியின் வெண்பொருள் போல (சபக்க எடுத்துக்காட்டு). இனி விபக்கத்தை நோக்குதல் வேண்டும். மைலினே இல்லாத இடத்தில் திசைச்சார்பு உண்டா? 1994இல் போலியூ, ஆலன் ஆகியோர் கார் என்னும் வட அமெரிக்க மீனின் மோப்ப நரம்பை ஆராய்ந்தனர். அந்நரம்பில் மைலின் கிடையாது. திசைச்சார்பு இருந்தது. எலிக்குட்டிகளிலும் மைலின் தோன்றுமுன்னரே திசைச்சார்பு தென்படுகிறது. சபக்கத்திலும் விபக்கத்திலும் ஒருங்கே செல்லும் ஏது அநைகாந்திகத்துள் சாதாரணம் எனப்படும். மீனின் நரம்பு அவ்வேதுப்போலியை ஆய்வகத்தில் வெளிப்படுத்தியது.

அதனால் பரவல் படிமம் பயனற்றதாயிற்றா? இல்லை. மைலினின் அடிப்படைப் புரதம் ஒன்று இல்லாமற் பிறந்து, நடுக்கத்தோடு வாழும் ஷிவரர் என்னும் சுண்டெலி வகை உண்டு. அதன் வெண்பொருளில் திசைச்சார்பு முற்றும் அழியாது எனினும், இழைக்குக் குறுக்கான பரவல் மட்டும் மிகுகிறது, நீளவாட்டுப் பரவல் மாறுவதில்லை என 2002இல் சாங் முதலானோர் காட்டினர். ஏதுவைக் கூர்மைப்படுத்தினால் போலித்தன்மை குறைகிறது. சேலையின் எடையைக் கொண்டு ஜரிகையின் மிகுதியைக் கூற இயலாது. கனத்த பட்டும் எடையைக் கூட்டும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி சேலையைச் சிதைக்காமல் வெள்ளியைத் தனியே அளந்துவிடும். இரண்டும் கருத்தளவைகளே. ஆனால் ஒன்றின் ஏது பொதுவானது, மற்றதன் ஏது உரியது.

மைலின்நீர்ப் பங்கு இவ்வகையில் மேலானது. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. எலியின் தண்டுவடத்தில் 2010இல் செய்யப்பட்ட ஆய்வில், திசுவாய்வில் மைலின் ஒத்த அளவில் இருந்த பாதைகளிலும் மைலின்நீர்ப் பங்கு வேறுபட்டது. சுற்று மெல்லியதாயின், உள்ளிருக்கும் நீர் வெளி நீரோடு விரைந்து இடம் மாறிக்கொள்ளும். குறுகிய கூறு நீண்ட கூற்றோடு கலந்து, மைலின் குறைவாக இருப்பதாகக் கணக்கு காட்டும். வளரும் குட்டியின் சுற்றுகள் எல்லாம் மெல்லியவை என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். நாம் மிகவும் அறிய விரும்பும் காலத்திலேயே கருவி குறைத்துச் சொல்கிறது. மறுபுறம், சிதைந்த மைலினின் எச்சங்களும் நீரைச் சிறைப்படுத்தும் தன்மையை உடனே இழப்பதில்லை. அங்கு அது மிகைத்துச் சொல்லக்கூடும்.

இக்காரணங்களால் மைலின் அளவு, மைலின் வரைபடம் என்று தமிழில் எழுதுவது பொருந்தாது. ஆங்கிலத்தில் இத்தொடர்கள் பெருவழக்கில் உள்ளன என்பது அவற்றை ஏற்பதற்குக் காரணமாகாது. மைலின்நீர்ப் பங்கு, மைலின் சுட்டி, குறுக்குப் பரவல் என அளக்கப்பட்டதன் பெயரையே எழுதுதல் வேண்டும். திசுவாய்வு கூறும் இடத்தில் மட்டும் மைலின் அளவு எனலாம். காட்சிக்கு ஒரு சொல்லும் கருத்துக்கு ஒரு சொல்லும் என்ற இவ்வொழுங்கு இருந்தால், படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் எது கண்டது, எது உணர்ந்தது என்பதைக் கேளாமலே அறிவார்.

இச்சொல்லொழுங்கு தேவைப்படும் இடங்கள்

இந்தியாவில் 6 முதல் 59 மாதம் வரையான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர் என 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. மைலினை உண்டாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் மூளை உயிரணுக்களில் இரும்பை மிகுதியாகக் கொண்டவை. பால்குடிக் காலத்தில் இரும்புச்சத்துக் குன்றிய எலிகளில் மைலின் குறைவதைத் திசுவாய்வுகள் காட்டியுள்ளன. இரும்புச்சத்துக் குறைந்த பால் பெற்ற பன்றிக்குட்டிகளின் மூளை வளர்ச்சியில் மாற்றங்களைக் காந்தப் படிம ஆய்வுகளும் கண்டன. முதலாவது காட்சி. இரண்டாவது கருத்து. இவ்விரண்டையும் ஒரே வினைமுற்றால் எழுதி, குருதிச்சோகையுள்ள குழந்தைகளின் மூளையில் மைலின் குறைகிறது என்று ஒரு நாளேட்டுச் செய்தி முடிக்குமானால், தறிக்கூடத்தில் அதனைப் படிக்கும் தாய்க்கு அது தீர்ப்பாகிவிடும். எலியில் கண்டது, பன்றியில் கருதியது, குழந்தையில் வினவத்தக்கது என மூன்றாகப் பிரித்தால் அவர் செய்யத்தக்கது எது என்பதும் தெளியும். இரும்புச்சத்து உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதற்கு மைலின் பற்றிய உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அண்மையான பெரும்பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் நிகழ்ந்துள்ளது. 14 முதல் 24 வாரம் வரையான மனிதக் கருமூளைகளின் 5132 வெட்டுகளை எண்ணிமப்படுத்தி, தரணி என்னும் முப்பரிமாண வரைபடத்தை அம்மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. விலங்காய்வு அன்று எனினும் நம் பொருளுக்கு அது தொடக்கக் கோடு போன்றது. பெருமூளையில் மைலினேற்றம் தொடங்குவதற்கு முந்தைய நிலத்தை, பாவு விரித்து ஊடை புகாத தறியைப் போல, அது காட்டுகிறது. காந்தப் படிமத்தையும் நுண்ணோக்கி வெட்டையும் ஒரே மூளையில் பொருத்திப் பார்க்கும் அவ்வகைப் பணிகளில்தான் கருத்தளவை காட்சியளவையால் சோதிக்கப்படுகிறது.

அவ்வரைபடத்தின் பகுதிப்பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தமிழாக்குவோர் அகராதியிலிருந்து தொடங்காமல், ஒவ்வொரு பெயருக்கும் வெட்டுப்படத்தை எதிரே வைத்துத் தொடங்குதல் நலம். பாவு, ஊடை, விழுது, படமரம், முறுக்கு, சிட்டம், புரி, பிணைப்பு என இழை சார்ந்த சொற்கள் மட்டுமே ஆரணி போன்ற நெசவூர்களில் ஒரு சிற்றகராதி அளவுக்குக் கிடைக்கும். விசைத்தறி பரவுந்தோறும் அவற்றுள் பல வழக்கொழிகின்றன. மூளை இழைகளால் ஆனது. அவற்றின் போக்கு, பின்னல், பிரிதல், சுற்றேறுதல் ஆகியவற்றைக் கூற நமக்கு வேண்டிய வினைச்சொற்கள் இன்றும் குழித்தறிகளில் வாய்மொழியாக உள்ளன. அவற்றைத் தறியின் உறுப்பு, வினை, குறை என வகைப்படுத்தி ஒலிப்பதிவோடு தொகுத்தல் தமிழ்த் துறைகள் இப்போது மேற்கொள்ளத்தக்க பணி. எந்தச் சொல் எந்த உருவத்துக்குப் பொருந்தும் என்பதை நரம்பியலாரோடு அமர்ந்து முடிவு செய்வது அதற்கு அடுத்த படி.